வயது போய்விட்டது என்று யார் சொன்னது? குரூப் 4 எழுதும் ஒரு வாசகிக்கு

தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

வயது 31 முடிந்து 32 நடக்கிறது. பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி, கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் ஆங்கில வழி. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியிருக்கிறார். நான்கு வயதில் ஒரு பையன். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வை 2024-லும் 2025-லும் எழுதி இரண்டிலும் தேறவில்லை. 2025-ல் விடைக்குறிப்பை வைத்து எண்ணிப் பார்த்ததில் 200-க்கு 141 சரி: தமிழில் 76, பொது அறிவில் 48, கணக்கில் 17. வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) ஆக வேண்டும் என்பது ஆசை. 32 முடிந்தால் விண்ணப்பிக்கவே முடியாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆங்கில வழியில் பட்டம் வாங்கியதால் தமிழ்வழி ஒதுக்கீடு கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு பயிற்சி மையம் 28,000 ரூபாய் கேட்கிறது. மாமியார், “இன்னும் ஒரு வருஷம் பாரு, இல்லைன்னா கடைக்கே வேலைக்குப் போ” என்கிறார். இதற்கு நடுவில் கணவரின் உறவினர் ஒருவர் எட்டு லட்சம் கொடுத்தால் வேலை வாங்கித் தருவதாகவும், முதலில் மூன்று லட்சம் போதும், மீதி ஆர்டர் வந்த பிறகு கொடுத்தால் போதும் என்றும் பேசுகிறாராம். நகையை அடகு வைக்கலாமா என்பது வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. “எனக்குப் பயமாகவும் இருக்கிறது, விட்டுவிட்டால் பிறகு வருத்தப்படுவேனோ என்றும் இருக்கிறது” என்று முடித்திருக்கிறார்.

அம்மா, உங்கள் கடிதத்தில் “வயது போகிறது” என்ற வரி ஆறு இடத்தில் வருகிறது. எண்ணினேன். அறிவிக்கையைப் படித்தேன் என்ற வரி ஓரிடத்திலும் இல்லை. இரண்டு முறை தேர்வு எழுதியவர் நீங்கள். இரண்டு முறையும் அறிவிக்கையில் கட்டணமும் தேதியும் இருக்கிற பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், என்னிடம் வருகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான். ஆனால் உங்கள் பயத்தில் பாதி அந்தப் பக்கங்களைப் படிக்காததால் வந்தது.

வயதும் தமிழ் வழியும்

குரூப் 4-க்கு அடிப்படைத் தகுதி பத்தாம் வகுப்பு. அதற்கு மேல் படித்தவராகவும், பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர், எஸ்.சி., எஸ்.டி. ஆகிய பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவராகவும் இருந்தால் இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்கு உச்ச வயது வரம்பு பொருந்தாது. ஆதரவற்ற விதவைகளுக்கு எந்த வகுப்பாக இருந்தாலும் இந்தச் சலுகை உண்டு. நீங்கள் பி.சி., கையில் பட்டம் இருக்கிறது. அவ்வளவுதான், முடிந்தது. உங்களுக்குச் சொல்லப்பட்ட 32 என்பது பொதுப்பிரிவினருக்கு உள்ள வரம்பு. வெறும் பத்தாம் வகுப்போடு நிற்கும் பி.சி. பிரிவினருக்குக்கூட 34. வி.ஏ.ஓ. பதவிக்கு மட்டும் விதி வேறு, அங்கே உங்களுக்கு 42 வரை. ஆக எப்படிப் பார்த்தாலும் அடுத்த தேர்வுக்கும் அதற்கு அடுத்ததற்கும் உங்களுக்கு இடம் உண்டு. என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்களில் நாற்பத்தைந்து வயதில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவரும் உண்டு. ஆர்டரைக் கொண்டுவந்து காட்டும்போது கூட வந்தது கல்லூரியில் படிக்கும் மகள்.

வயது உண்மையிலேயே இடிக்கிற இடம் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். வங்கி கிளார்க் தேர்வுக்கு 28, ஓ.பி.சி.க்கு (மத்தியத் தேர்வுகளில் பிற்படுத்தப்பட்டோர் பிரிவு) 31. மத்திய அரசுப் பணிகளுக்கு எஸ்எஸ்சி நடத்தும் பன்னிரண்டாம் வகுப்பு நிலைத் தேர்வுக்கு 27, ஓ.பி.சி.க்கு 30. இரண்டையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். பட்டதாரிகளுக்கான சிஜிஎல் தேர்வில் சில பதவிகளுக்கு இன்னும் வயது இருக்கிறது, ஆனால் அதற்கு ஆங்கிலத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டும், வேலையும் எந்த மாநிலத்தில் என்று சொல்ல முடியாது. நான்கு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம் என்பது என் எண்ணம். அதைவிட குரூப் 2ஏ உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கிறது. பட்டம் இருக்கிறது, நேர்முகத் தேர்வு கிடையாது, முதல்நிலைத் தேர்வுக்கான பாடத்தில் பெரும்பகுதி இப்போது நீங்கள் படிப்பதுதான், தரம் மட்டும் ஒரு படி மேலே.

அடுத்து தமிழ் வழி. இதில் நீங்கள் ஏமாந்தே போயிருக்கிறீர்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டில், எந்தப் பதவிக்கு என்ன கல்வித்தகுதி கேட்கிறார்களோ அதுவரைக்கும் ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. குரூப் 4-க்குக் கேட்கும் தகுதி பத்தாம் வகுப்பு. நீங்கள் பன்னிரண்டு வரை தமிழ் வழி. கல்லூரியில் எந்த மொழியில் படித்தீர்கள் என்பது இங்கே கணக்கில் வராது. (குரூப் 2ஏ எழுதினால் வரும், அங்கே தகுதி பட்டம்.) இரண்டு தேர்விலும் விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று குறித்ததாக எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. போனது போகட்டும்.

141 எங்கே நின்றது

“கட் ஆஃப் எவ்வளவு வரும்” என்று கேட்டிருக்கிறீர்கள். யாரிடமும் அதைக் கேட்காதீர்கள், என்னிடமும்தான். 2022-ல் 7,301 இடம் என்று அறிவித்து அது பத்தாயிரத்தைத் தாண்டியது. 2024-ல் 6,244 என்று தொடங்கி 9,491-ல் முடிந்தது. 2025-ல் 3,935 என்று அறிவித்து, பிறகு அதுவும் கூடியது. இடம் இப்படி ஏறி இறங்கும்போது, வினாத்தாளும் ஒரு வருடம் எளிது ஒரு வருடம் கடினம் என்று மாறும்போது, தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே யூடியூபில் உட்கார்ந்து ஒருவர் சொல்லும் எண்ணுக்கு என்ன மதிப்பு? உங்கள் கையில் இருப்பது உங்கள் தவறான 59 விடைகள். அதைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. 25-க்கு 17. பி.எஸ்சி. கணிதம் படித்தவர் பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டை விட்டிருக்கிறார் என்றால் தெரியாமல் விட்டிருக்க மாட்டார், நேரம் இல்லாமல் விட்டிருப்பார். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், “கடைசியில் கணக்குக்கு வந்தபோது பதினைந்து நிமிடம்தான் இருந்தது” என்று. மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, ஒன்றுக்கு 54 விநாடி வருகிறது. தமிழை அதற்கும் குறைவான நேரத்தில் முடித்தால்தான் கணக்குக்கு மீதி கிடைக்கும். இன்னொன்று, கல்லூரியில் படித்தவர்கள் எல்லாவற்றுக்கும் எக்ஸ் போட்டுச் சமன்பாடு எழுதுவார்கள். ஒரு வேலையை அ 12 நாளில் முடிப்பார், ஆ 18 நாளில் முடிப்பார், சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? பின்னத்தைக் கூட்டிக்கொண்டு இருக்காதீர்கள். மீ.சி.ம. 36. மொத்த வேலை 36 என்று வைத்துக்கொண்டால் ஒருவர் ஒரு நாளைக்கு 3, இன்னொருவர் 2, சேர்ந்து 5. 36-ஐ 5-ஆல் வகுத்தால் ஏழு நாளும் ஒரு நாளில் ஐந்தில் ஒரு பங்கும். அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கான கூட்டுவட்டி, தனிவட்டி வித்தியாசம் கேட்டால் அசலை வட்டி வீதத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பத்தாயிரத்தால் வகுத்துவிடுங்கள். 8,000 ரூபாய்க்கு 10 சதவீதம் என்றால் 80 ரூபாய், பேனாவே தேவையில்லை. பழைய வினாத்தாள் பத்தை எடுத்து கணக்குப் பகுதியை மட்டும் தனியாக, கடிகாரம் வைத்து 25 நிமிடத்தில் போட்டுப் பாருங்கள். 23-க்கு மேல் வரவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள். தேர்வு அறையில் கணக்கைக் கடைசிக்கு வைக்காதீர்கள். தமிழ் முடிந்ததும் நேரே கணக்குக்குப் போய்விட்டுப் பொது அறிவுக்கு வாருங்கள். பொது அறிவில் தெரிந்தது பத்து விநாடியில் தெரியும், தெரியாதது பத்து நிமிடம் யோசித்தாலும் தெரியாது.

பொது அறிவில் 75-க்கு 48. இங்கேதான் உழைப்பு தவறான இடத்தில் போயிருக்கிறது. ஆறு மாதமாக அறிவியலும் புவியியலும் படித்ததாகச் சொல்கிறீர்கள், ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இரண்டு முறை. திருத்திய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு அலகுக்கும் எத்தனை கேள்வி என்றே போட்டிருக்கிறார்கள். பொது அறிவியல் 5, புவியியல் 5. இந்திய வரலாறும் தேசிய இயக்கமும் 10, அரசியலமைப்பு 15, இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20, தமிழகத்தின் வரலாறு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. பத்துக் கேள்விக்கு ஆறு மாதம் கொடுத்துவிட்டு, ஐம்பத்தைந்து கேள்விக்குக் கடைசி ஒன்றரை மாதம் கொடுத்திருக்கிறீர்கள். அறிவியல் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அளவாகப் படியுங்கள். கடைசி இரண்டு அலகையும் அரசியலமைப்பையும் முதலில் முடியுங்கள். ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்வதும் இப்போது போதாது, கேள்விகள் பொருத்துக, காலவரிசை, கூற்று காரணம் என்று வருகின்றன. நீதிக்கட்சி 1916, வகுப்புவாரி அரசாணை 1921, வைக்கம் 1924, சுயமரியாதை இயக்கம் 1925 என்று நான்கையும் ஒரே கோட்டில் எழுதி, ஒன்றிலிருந்து அடுத்தது ஏன் வந்தது என்று வீட்டில் யாருக்காவது கதையாகச் சொல்ல முடிந்தால் அந்தப் பகுதி உங்களுடையது. உங்கள் மாமியாரிடமே சொல்லிப் பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் அப்புறம் ‘கடைக்குப் போ’ என்று சட்டென்று சொல்ல மாட்டார்.

தமிழில் 76. நல்ல எண்தான், ஆனால் ஜெயித்தவர்கள் பலர் தமிழில்தான் முன்னே போகிறார்கள். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், தமிழ் மட்டும் 150. இதில் 40 சதவீதம், அதாவது 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. நீங்கள் விட்ட 24-ல் பெரும்பாலானவை இலக்கணத்திலும் எழுதும் திறனிலும் இருப்பதாகப் பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். அப்படிப் பட்டியல் போட்டதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் அதே கடிதத்தில், தினம் இரண்டு மணி நேரம் நூல், நூலாசிரியர், அடைமொழி என்று மனப்பாடம் செய்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது பழைய பாடத்திட்டத்துக்குச் சரியான படிப்பு. இப்போது இலக்கியமும் தமிழறிஞர்களும் சேர்ந்தே 15 கேள்விதான். இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, வாசித்துப் புரிந்துகொள்வது 15, கலைச்சொல் 10, எளிய மொழிபெயர்ப்பு 5. ‘கொடு’ என்று வேர்ச்சொல்லைத் தந்தால் கொடுத்தான், கொடுத்து, கொடுத்த, கொடுத்தவன் நான்கும் வினைமுற்று, வினையெச்சம், பெயரெச்சம், வினையாலணையும் பெயர் என்று வாயில் வரிசையாக வர வேண்டும். அதற்கு ஆறாம் வகுப்பிலிருந்து தமிழ்ப் புத்தகத்தின் பாடப்பின்பயிற்சிகள் போதும். பாடத்தைப் படித்துவிட்டு ‘கற்கண்டு’ பக்கத்தையும் ‘மொழியை ஆள்வோம்’ பகுதியையும் தள்ளிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேள்வி அங்கேதான் இருக்கிறது.

தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள், அதனால் ஒன்றையும் விட வேண்டாம். சுத்தமாகத் தெரியாததற்கு ‘விடை தெரியவில்லை’ என்ற ஐந்தாவது வட்டம் இருக்கிறது. எந்த வட்டத்தையும் தொடாமல் வெறுமையாக விட்டுவிட்டு வருவதுதான் கூடாது.

வி.ஏ.ஓ. மட்டும்தான் வேண்டுமா?

2025 அறிவிக்கையில் வி.ஏ.ஓ. இடம் மாநிலம் முழுக்க 215. தட்டச்சர் இடம் மட்டும் ஆயிரத்தைத் தாண்டியது, இளநிலை உதவியாளர் அதைவிட அதிகம். 215-க்குள் மனதை அடைத்து வைத்துக்கொண்டு தேர்வு எழுதாதீர்கள். சம்பள விகிதமும் ஒன்றேதான், வி.ஏ.ஓ.வுக்கும் இளநிலை உதவியாளருக்கும் தட்டச்சருக்கும் 19,500-ல் தொடங்கும் அதே நிலை 8. ஊரில் வி.ஏ.ஓ.வுக்கு இருக்கிற மரியாதை எனக்கும் தெரியும், அடங்கல், பட்டா என்று ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். ஆனால் அந்தக் கிராமத்திலேயே தங்க வேண்டும், மழை வெள்ளம் என்றால் ராத்திரி இரண்டு மணிக்கும் போன் வரும். சின்னப் பிள்ளையோடு அது முடியுமா என்று நீங்களும் கணவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

இளநிலை உதவியாளர் வேலை வெளியே தெரியாத வேலை. நான் சேர்ந்தபோது முதல் மூன்று மாதம் தபாலைப் பிரித்து எண் போட்டுத் தன்பதிவேட்டில் ஏற்றியதுதான் வேலை, கண்காணிப்பாளர் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்புவார். அலுப்பாக இருந்தது. ஆனால் எந்தக் காகிதம் எந்த மேசையில் ஏன் நிற்கிறது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன், பிறகு வந்த பதவி உயர்வுக்கெல்லாம் அதுதான் அடித்தளம். ஜவுளிக்கடைக் கணக்கை ஒழுங்காக எழுதிய உங்களுக்கு இது கையோடு வரும்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். “கல்லூரி விடுமுறையில் டைப்ரைட்டிங் இரண்டு லோயரும் பாஸ் செய்தேன், அதெல்லாம் இப்போது எதற்கு” என்று. எதற்கா? தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் (தட்டச்சு முதுநிலைத் தேர்வு) இருந்தால் முதலிடம், இல்லையென்றால் ஒன்றில் ஹையரும் இன்னொன்றில் லோயரும் இருந்தாலும் தகுதி உண்டு. உங்களுக்குத் தேவை இன்னும் ஒரே ஒரு ஹையர். லோயர் சான்றிதழ் காலாவதி ஆவதில்லை. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருடத்தில் இரண்டு முறை தேர்வு நடத்துகிறது. பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில் ஒரு மணி நேரம் இன்ஸ்டிட்யூட்டில் உட்காருங்கள், விரல் பழைய பழக்கத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். எழுத்துத் தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் தட்டச்சு இருப்பவர்கள் குறைவு. அதனால் உங்களைவிட மதிப்பெண் கூடுதலாக எடுத்தும் சான்றிதழ் இல்லாத பலர் அந்த வரிசையிலேயே நிற்க மாட்டார்கள். உங்கள் கடிதத்திலேயே பெரிய சொத்து இந்த ஒரு வரிதான்.

எட்டு லட்சம்

வேண்டாம். நகைப் பெட்டியைத் திறக்காதீர்கள்.

குரூப் 4-ல் நேர்முகத் தேர்வு கிடையாது. ஓஎம்ஆர் தாள் (வட்டத்தைக் கறுப்பாக்கும் விடைத்தாள்), தரவரிசை, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். கலந்தாய்வில் உங்கள் தரவரிசை வரும்போது காலியாக இருக்கிற இடங்களில் நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். இதில் ஒருவர் ‘வாங்கித் தர’ என்ன இருக்கிறது? இந்தத் தரகர்களின் தொழில் ரகசியம் மிக எளிமையானது. பத்துப் பேரிடம் முன்பணம் வாங்கினால் அதில் ஒருவர் இருவர் சொந்தப் படிப்பிலேயே தேறிவிடுவார்கள். அவர்களிடம் மீதியையும் வாங்கிக்கொள்வார், மற்றவர்களுக்கு ‘அடுத்த தடவை’ என்பார். ‘ஆர்டர் வந்த பிறகு மீதி’ என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்வதன் பொருள் இதுதான்.

சரி, உண்மையிலேயே உள்ளே ஆள் இருந்தால்? அதுவும் நடந்திருக்கிறது, எப்படி முடிந்தது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் மொத்தமாக முன்னிடங்களில் வந்தார்கள். அழியும் மையில் குறித்துவிட்டு வந்து, பிறகு வேறு கை சரியான விடையைக் குறித்தது என்று தெரியவந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை, சிபிசிஐடி வழக்கு, கைது. பணம் வாங்கியவர்கள் மட்டும் மாட்டவில்லை, கொடுத்துத் தேறியவர்களும் மாட்டினார்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதும் குற்றம், ஏழு ஆண்டு வரை சிறை. பணம் போய்விட்டது என்று போலீஸுக்குப் போனாலும் எதற்காகக் கொடுத்தீர்கள் என்ற கேள்விதான் முதலில் வரும்.

உறவினர் என்பதால் முகத்தில் அடித்த மாதிரி மறுக்க முடியவில்லை என்கிறீர்கள். உங்கள் கணவரைப் பேசச் சொல்லுங்கள். “அவள் படித்தே எழுதுகிறாளாம், எங்களுக்கு வேண்டாம்” என்ற ஒரு வரி போதும். ஒருவேளை ஏற்கெனவே ஏதாவது தொகை கை மாறியிருந்தால் அதை என்னிடம் மறைத்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அதுவும் தள்ளிப்போடாமல்.

28,000-ம் கடை வேலையும்

பயிற்சி மையம் வேண்டுமா என்றால், உங்களுக்கு வகுப்பு தேவையில்லை, தேர்வுதான் தேவை. 141 சரியாகப் போட்டவருக்கு மறுபடி ‘அ’விலிருந்து நடத்த ஆள் எதற்கு? வாரம் ஒரு மாதிரித் தேர்வு, ஓஎம்ஆர் தாளில், பக்கத்தில் நாலு பேர் உட்கார்ந்திருக்க எழுதினால் போதும். அதற்கு டெஸ்ட் பேட்ச் மட்டும் என்று கேட்டால் மிகக் குறைந்த கட்டணம்தான் வரும். அதற்கும் முன்னால் உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்த் தன்னார்வ பயிலும் வட்டம் பற்றி விசாரியுங்கள். இலவச வகுப்பும் மாதிரித் தேர்வும் அங்கேயே நடக்கும், படிக்க நூலகமும் இருக்கும். பள்ளிப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் அலமாரியில் இருப்பதாகச் சொன்ன பதினோரு கைடுகளில் பத்தை யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கடைக்கு முழுநேர வேலைக்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்வேன். காலை பத்து மணிக்குப் போய் இரவு ஒன்பதுக்கு வந்தால் படிப்பும் போகும், பிள்ளையும் ஏங்கும், மாதம் பன்னிரண்டாயிரத்துக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் வீட்டில் பணத்துக்கு நெருக்கடி என்பதையும் தள்ளிவிட முடியாது. பையன் பள்ளிக்குப் போகும் நேரத்தில் அரை நாள் கணக்கு வேலை கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தினம் எட்டு மணி நேரம் படித்தால்தான் தேறலாம் என்பது இருபத்தியிரண்டு வயதுப் பையன்கள் சொல்லிக்கொள்வது. காலை நாலரையிலிருந்து ஆறரை வரை, மதியம் ஒரு மணி நேரம், பையன் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம், நான்கு மணி நேரம் தவறாமல் வந்தால் உங்களுக்குப் போதும். நடுவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் போகும், விருந்தாளி வருவார்கள், அதையெல்லாம் முன்கூட்டியே கழித்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

மாமியார் சொன்ன ஒரு வருடக் கெடுவை நான் முழுதாகத் தப்பு என்று சொல்ல மாட்டேன். முடிவே இல்லாமல் எழுதிக்கொண்டிருந்து நாற்பதில் ஒன்றும் இல்லாமல் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். வருடக் கணக்கை எடுத்துவிட்டுத் தேர்வுக் கணக்கு வையுங்கள், அடுத்த இரண்டு குரூப் 4, நடுவில் வந்தால் ஒரு குரூப் 2ஏ. அதற்குள் ஒரு ஹையர் பாஸ் செய்துவிடுவீர்கள், கூடவே டாலி என்ற கணக்கு மென்பொருளும் தெரிந்தால் தேர்வு கைகொடுக்காவிட்டாலும் கடையைவிட நல்ல இடத்தில் உட்காரலாம். இதை வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள், தினம் தினம் கேள்வி வராது.

அறிவிக்கை வருவதற்கு முன்னால்

படிப்பைவிடச் சான்றிதழில் கோட்டை விட்டவர்கள் அதிகம். உங்கள் சாதிச் சான்றிதழ் அப்பா பெயரில் இருக்க வேண்டும். கல்யாணமான பெண்கள் கணவர் பெயரில் வாங்கி வைத்திருந்தால் செல்லாது, இப்போதே எடுத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் உள்ள பெயரும் முதலெழுத்தும்தான் விண்ணப்பத்திலும் வர வேண்டும், ஆதாரில் கணவர் பெயர் சேர்த்திருக்கிறீர்களா என்பதையும் கவனியுங்கள்.

தமிழ்வழிச் சான்றிதழுக்குத் தேர்வாணையத்தின் இணையதளத்தில் படிவம் இருக்கிறது. ஒன்றிலிருந்து ஐந்து வரை படித்த பள்ளி வேறு, ஆறிலிருந்து பத்து வரை வேறு என்று எழுதியிருக்கிறீர்கள், ஆக இரண்டு தலைமையாசிரியர்களின் கையெழுத்து வேண்டும். அந்தத் தொடக்கப் பள்ளியை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டதாகச் சொன்னீர்களே, முதலில் அங்கே போய்ப் பாருங்கள். மூடியிருந்தால் பதிவேடுகள் பக்கத்துப் பள்ளிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போயிருக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைத் தேட அவர்களுக்கு நாளாகும், அறிவிக்கை வந்த பிறகு ஓடினால் அங்கே உங்களைப் போல இன்னும் முப்பது பேர் நிற்பார்கள். இந்த வாரமே ஒரு நாள் காலையில் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு நேரே பஸ் ஏறிவிடுங்கள்.